தோமையார் கம்பமும் சீனிவாசபுரத்துக் குடிசைகளும்



சாந்தோம் பேராலயத்துக்குப் பின்புறம், கடலை நோக்கிப் போகும் வழியில் ஒரு மரக்கம்பம் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். வெளியூர் உறவினர் வந்தால் அழைத்துப்போய்க் காட்டியும் இருப்போம். கரையில் ஒதுங்கிய பெரிய மரமொன்றை யாராலும் அசைக்க முடியாமல் போனபோது, தூய தோமையார் தம் இடைக்கச்சையைக் கட்டி அதை இழுத்துவந்தார், கம்பத்தை நட்டு, கடல் இதைத் தாண்டி வராது என்றும் சொன்னார் என்பது மயிலாப்பூர்க் கிறிஸ்தவர்களிடையே வழங்கிவரும் மரபு. இது விசுவாச உண்மையன்று, மக்களின் பக்தி மரபு. 2004 டிசம்பர் 26ஆம் நாளுக்குப் பிறகு இந்த மரபு நாடெங்கும் பேசப்பட்டது. ஆழிப்பேரலை மெரீனாவிலும் பட்டினப்பாக்கத்திலும் புகுந்தது. பேராலயத்துக்கு மட்டும் சேதம் ஒன்றும் இல்லை. வீடிழந்த கரையோர மக்களுக்கு அந்த வளாகம் புகலிடமாகவும் ஆயிற்று. 'தோமையார் கம்பம் நம்மைக் காப்பாற்றியது' என்று பலரும் சொன்னார்கள், செய்தித்தாள்களும் எழுதின.

நன்றியுணர்வில் சொன்ன சொல் அது. அதைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பேராலயத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே நடந்தால், கொஞ்ச நேரத்தில் அடையாற்று முகத்துவாரத்தின் ஓரமாய் உள்ள சீனிவாசபுரம் வந்துவிடும். அன்று காலை அங்கே குடிசைகளை அலை வாரிக்கொண்டு போனது. சென்னையில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கும் மேல். வேளாங்கண்ணியில் ஆலயத்துக்குள் வழிபாட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக அன்னையைத் தேடி வந்தவர்கள்தாம் அவர்களும்.

ஆகவே கேள்வி எழுகிறது. கம்பம்வரை வந்த அலையைக் கடவுள் நிறுத்தினார் என்றால், சீனிவாசபுரத்தில் ஏன் நிறுத்தவில்லை? பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இதைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அவளுக்கு முன்னால் சொல்ல முடியாத ஒரு விளக்கத்தைப் பீடத்தில் நின்று சொல்வதும் சரியல்ல என்பது எமது எண்ணம்.

அந்த நாளைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. அந்த ஆண்டு முதலாம் ஆண்டு வாசகங்கள் என்பதால், யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய பகுதிதான் (மத் 2:13-15, 19-23) நற்செய்தியாகக் குறிக்கப்பட்டிருந்தது. எண்களைப் பாருங்கள். நடுவில் மூன்று வசனங்கள் விடுபட்டுள்ளன. ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றதும், தாய்மார் ஆறுதல் பெற மறுத்து அழுததும் அந்த மூன்று வசனங்களில்தான் இருக்கின்றன. அந்தக் குழந்தைகளுக்கு டிசம்பர் 28 அன்று தனி விழா உண்டு என்பதால் அவற்றை விட்டிருக்கிறார்கள். இருந்தாலும் ஆழிப்பேரலை வந்த அதே காலையில், தப்பித்த குழந்தையைப் பற்றி வாசித்து, தப்பாத குழந்தைகளைப் பற்றி வாசிக்காமல் விட்டோம் என்பது நமக்கு உறுத்தத்தான் செய்கிறது. யோசேப்புக்குக் கனவில் எச்சரிக்கை வந்தது. பெத்லகேமின் மற்றத் தந்தையருக்கு வந்ததாக நற்செய்தியாளர் சொல்லவில்லை. அவர் காரணம் கூறவும் முயலவில்லை, அழுகையை அழுகையாகவே பதிவு செய்கிறார்.

பெத்லகேமைப் பொறுத்தவரை திருச்சபையின் இறையியலிடம் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. குழந்தைகளைக் கொன்றவர் கடவுள் அல்லர், ஏரோது. தூய அகுஸ்தினார் மனமாற்றம் பெற்ற சில காலத்துக்குள், கி.பி. 388 அளவில் உரோமையில், மனிதரின் விருப்புச் சுதந்திரத்தைப் பற்றி ஒரு நூலைத் தொடங்கினார். நண்பர் எவோதியுஸ், தீமைக்குக் காரணர் கடவுள்தானா என்று கேட்பதிலிருந்து நூல் தொடங்குகிறது. அகுஸ்தினார் உடனே பதில் சொல்லவில்லை. ஒருவர் செய்யும் தீமை வேறு, ஒருவருக்கு நேரும் தீமை வேறு, நீ எதைக் கேட்கிறாய் என்று முதலில் பிரித்துக்கொள்கிறார். நம்முடைய குழப்பத்தில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கேட்பதால் வருவது.

மனிதர் செய்யும் தீமைக்கு அவர் தரும் விளக்கம் இதுதான். கடவுள் படைத்த எதுவும் தன்னளவில் தீயதன்று. கண்ணின்மை என்பது தனிப் பொருள் அன்று, இருக்கவேண்டிய பார்வை இல்லாத நிலை. தீமையும் அப்படியே, இருக்கவேண்டிய நன்மையின் குறைவு. சுதந்திரமான மனம் பெரிய நன்மையை விட்டுச் சிறியதன்பால் திரும்பும்போது அந்தக் குறைவு உண்டாகிறது. ஏரோதுக்கு அரியணை ஒரு நன்மைதான். அதைக் கடவுளுக்கும் குழந்தைகளுக்கும் மேலாக வைத்தான், அங்கே தீமை பிறந்தது. அறநெறித் தீமைக்குக் கடவுள் நேரடியாகவோ மறைமுகமாகவோ காரணர் அல்லர் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 311ஆம் எண்ணில் திட்டவட்டமாகச் சொல்கிறது. தம் படைப்புகளின் சுதந்திரத்தை மதிப்பதால் அவர் அதை அனுமதிக்கிறார். அனுமதித்தல் வேறு, விரும்புதல் வேறு.

'அனுமதிப்பானேன், தடுத்திருக்கலாமே' என்று இளையோர் கூட்டங்களில் தவறாமல் கேட்கிறார்கள். இதற்கு நாம் தேடித் திரிய வேண்டியதில்லை, நம்முடைய மறைமாவட்டத்தின் பாதுகாவலரையே பார்க்கலாம். கி.பி. 72இல் பரங்கிமலையில் தோமையார் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது நமது மரபு. கடலை நிறுத்தியதாக நாம் சொல்லும் அதே தோமையாருக்கு முன்னால் அந்த ஈட்டி நிற்கவில்லை. எறிந்த ஈட்டி ஒவ்வொரு முறையும் வாழைத்தண்டாக மாறிவிடுமானால், எறிந்தவன் கொலைகாரனாக மாட்டான், உண்மைதான். ஆனால் எறியாமல் விட்டவனும் நல்லவனாக மாட்டான். யார் எதைச் செய்தாலும் விளைவு ஒன்றே என்றால், மன்னிப்புக்கோ தியாகத்துக்கோ அங்கே வேலையில்லை. அன்பு செய்யும் ஆற்றலைக் கொடுத்துவிட்டு அன்பை மறுக்கும் ஆற்றலைக் கொடுக்காமல் இருக்க முடியாது. இருபது வயது மகன் லஸ் முனையைக் கடக்கும்போது தாய் கையைப் பிடித்துக்கொண்டே போவதில்லை. அவள் மனம் பதைக்காமல் இருப்பதாகவும் அர்த்தமில்லை.

சில மாணவர்கள் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். 'விண்ணகத்தில் புனிதர்கள் சுதந்திரமாகவும் இருக்கிறார்கள், பாவமும் செய்வதில்லை. எங்களையும் தொடக்கத்திலேயே அப்படிப் படைத்திருக்கலாமே' என்கிறார்கள். நல்ல கேள்வி. தத்துவத் துறையில் ஜே.எல். மாக்கி என்பவர் 1955இல் ஏறக்குறைய இதையே கேட்டார். அமெரிக்க மெய்யியலாளர் ஆல்வின் பிளாண்டிங்கா பின்னர் அதற்கு விரிவாக விடை எழுதினார். சுதந்திரமாக ஒருவர் எதைத் தேர்ந்துகொள்வார் என்பது அவரையும் சார்ந்தது, கடவுள் ஒருவரே முடித்துவைக்கிற காரியமன்று என்பது அவ்விடையின் சாரம். திருச்சபை மரபு கூறுவது, புனிதர்களின் அந்த நிலை வழிப்பயணத்தின் முடிவு, தொடக்கமன்று என்பதே. பல தேர்வுகளால் முதிர்ந்த சுதந்திரம் அது. இப்பதிலால் எல்லாரும் நிறைவடைந்துவிடுவார்கள் என்று நாம் எண்ணவில்லை. இறையியல் படிக்கும்போது நமக்கும் இதில் முழு நிறைவு ஏற்பட்டதில்லை.

சரி, ஏரோதுக்குப் பதில் சொல்லியாயிற்று. அலைக்கு என்ன சொல்வது? 2004 டிசம்பர் 26 காலை 6.29 அளவில் சுமத்ரா தீவுக்கருகே கடலடித் தட்டுகள் உரசி நழுவின. அதற்கு எந்த மனிதரின் விருப்பமும் காரணமில்லை. மனித சுதந்திரத்தை எவ்வளவு இழுத்தாலும் அங்கே எட்டாது. சிலர் ஆதாமின் பாவத்தால் இயற்கையே கெட்டது என்று கூறி முடித்துவிடுவார்கள். ஆதிப்பெற்றோரின் பாவத்தால் மனிதருக்கும் படைப்புக்கும் இருந்த இசைவு குலைந்தது என்பது நம் நம்பிக்கை. ஆனால் மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமித்தட்டுகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. மலைகளையும் கண்டங்களையும் உருவாக்கியது அந்த நகர்வே. மறைக்கல்வி 310ஆம் எண்ணில் வேறு வழியில் விளக்குகிறது. கடவுள் உலகை முடிந்த நிலையில் படைக்கவில்லை, நிறைவை நோக்கிப் பயணம் செய்யும் நிலையில் படைத்தார். அந்தப் பயணத்தில் உருவாதலும் அழிதலும் சேர்ந்தே நடக்கின்றன. படைப்பு நிறைவை எட்டும்வரை இயற்கையின் நன்மையோடு இயற்கையின் தீமையும் இருக்கும். வகுப்பறையில் இது சரியான பதில். துக்க வீட்டில் இதைச் சொல்பவர் யாரும் இருக்கமாட்டார் என்று நம்புகிறோம்.

துக்க வீட்டில் வேறொன்று சொல்லப்பட்டது. அதைக் கண்டிக்காமல் விட முடியாது. ஆழிப்பேரலை பாவத்துக்கான தண்டனை என்று அந்நாள்களில் பிரசங்கம் செய்தவர்கள் உண்டு. நம் மக்களும் 'என்ன பாவம் செஞ்சாங்களோ' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டவர் இயேசு இதை இரண்டுமுறை மறுத்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்றார் (லூக் 13:4-5). மனம் மாறுங்கள் என்ற எச்சரிக்கையை உயிரோடு நின்று கேட்டவர்களுக்கே கொடுத்தார், இடிபாட்டில் கிடந்தவர்கள்மீது தீர்ப்பாகச் சொல்லவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோதும், இருவரும் இல்லை என்றார் (யோவா 9:2-3). சீனிவாசபுரத்தில் இறந்தவர்கள் மயிலாப்பூர் மாடவீதியிலோ அடையாறு காந்தி நகரிலோ வாழ்ந்தவர்களைவிடப் பாவிகள் என்று யாராவது சொன்னால், அது கிறிஸ்தவப் போதனை அன்று.

அப்படியானால் சீனிவாசபுரம் ஏன் அழிந்தது, கச்சேரி சாலை ஏன் தப்பியது? இங்கே கேள்வி மறுபடியும் மனிதரை நோக்கித் திரும்புகிறது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா அன்று, சாந்தோமில் ஆலயம் எழுப்பிய போர்த்துக்கீசியரின் தலைநகரமான லிஸ்பன் நிலநடுக்கத்தாலும் கடல் அலையாலும் தீயாலும் அழிந்தது. மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த நேரம். கடவுளின் பராமரிப்பு எங்கே என்று வோல்டேர் கேட்டு எழுதினார். அதற்கு 1756இல் ரூசோ எழுதிய மறுமொழிக் கடிதம் பலருக்குத் தெரியாது. நிலம் நடுங்கியது இயற்கையால், ஆனால் அந்த இடத்தில் ஆறேழு மாடிகளில் நெருக்கி வீடு கட்டியது இயற்கையா என்று அவர் கேட்டார். ரூசோ நம் திருச்சபைக்கு நெருங்கியவர் அல்லர், ஆனால் இந்தக் கேள்வியை நாமும் கேட்க வேண்டியிருக்கிறது.

நிலநடுக்கத்துக்கும் சென்னைக் கரையில் அலை மோதியதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. பசிபிக் பெருங்கடலில் பல பத்தாண்டுகளாக எச்சரிக்கை அமைப்பு இருந்தது, இந்தியப் பெருங்கடலில் இல்லை. கடல் நகர்ந்தது யாருடைய குற்றமும் அன்று. அந்த இரண்டு மணி நேரம் வீணானதற்கு மனிதரின் தேர்வுகளே காரணம். எங்கே பணம் செலவிடுவது, யாருடைய உயிரைக் கணக்கில் கொள்வது என்ற தேர்வுகள். 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. யோசேப்புக்கு வந்த எச்சரிக்கை போன்ற ஒன்று இப்போது கரையோரத் தந்தையருக்கும் வர வழியிருக்கிறது. அதுபோலவே, ஆற்றுமுகத்தில் மணல்மேட்டில் குடிசை போட்டு வாழ ஆசைப்பட்டு யாரும் போகவில்லை. வாடகை கொடுக்க முடிந்தவர்கள் மேட்டிலும், முடியாதவர்கள் நீரோரத்திலும் வாழும்படி நாம் நகரத்தை அமைத்திருக்கிறோம். அலைக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பலவற்றை, கடலுக்கும் பிழைப்புக்கும் எட்டாத செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.

2015 டிசம்பர் 1 இரவில் இது இன்னும் தெளிவாயிற்று. மழை இயற்கை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டதும், அடையாற்றின் கரைகளும் நீர்நிலைகளும் ஆண்டாண்டாக ஆக்கிரமிக்கப்பட்டதும் இயற்கையன்று. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அது மனிதர் உருவாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. சைதாப்பேட்டையில், தோமையார் தங்கியதாக நாம் போற்றும் சின்னமலையின் பக்கத்திலேயே வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது. அன்றும் 'ஆண்டவர் சித்தம்' என்று சொன்னவர்கள் உண்டு. மனிதர் செய்ததை ஆண்டவர்மேல் போடும்போது அதைச் செய்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். விதி, தலையெழுத்து என்ற சொற்களை விட்டுவிட்டதாக நினைக்கும் நாம், அதே பொருளில் 'ஆண்டவர் சித்தம்' என்று சொல்லப் பழகியிருக்கிறோம். இயேசு கெத்சமனியில் தந்தையின் திருவுளம் நிறைவேறட்டும் என்று வேண்டியது, யூதாசின் செயலையும் பிலாத்தின் கோழைத்தனத்தையும் நியாயப்படுத்துவதற்காக அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மீதி இருக்கிறது. எச்சரிக்கை அமைப்பு இருந்திருந்தாலும், எல்லாரும் மேட்டில் வாழ்ந்திருந்தாலும், சிலர் இறந்திருப்பார்கள். புற்றுநோயோடு பிறக்கும் குழந்தைக்கு எந்த ஏரோதும் காரணமில்லை. அங்கே நமது விளக்கங்கள் நின்றுபோகின்றன. 2011இல் ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்த சில வாரங்களில், புனித வெள்ளி நாளில், இத்தாலியத் தொலைக்காட்சியில் ஏழு வயது ஜப்பானியச் சிறுமி ஒருத்தி, குழந்தைகள் ஏன் இவ்வளவு துன்பப்பட வேண்டும் என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்டைக் கேட்டாள். இறையியலே வாழ்வாகக் கொண்டிருந்த அவர், அதே கேள்வி தமக்குள்ளும் இருக்கிறது, தம்மிடம் பதில் இல்லை என்றார். இயேசுவும் குற்றமின்றித் துன்புற்றார், கடவுள் உன் பக்கம் இருக்கிறார் என்பதை மட்டும் நாம் அறிவோம் என்றார். யோபுவின் நண்பர்களும் முதலில் ஏழு நாள் பேசாமல் தரையில் அமர்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபிறகுதான் அவர்கள் தவறினார்கள். நூலின் இறுதியில் கடவுள் கோபப்படுவது கேள்வி கேட்ட யோபுவின்மீது அன்று, தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மீது (யோபு 42:7).

இந்த இடத்தில் தோமையார் நமக்கு மீண்டும் உதவுகிறார். மற்றச் சீடர்கள் சொன்ன மகிழ்ச்சிச் செய்தி அவருக்குப் போதவில்லை. காயங்களைப் பார்க்காத உயிர்ப்பை நம்பமாட்டேன் என்றார். அதற்காக அவரைச் சந்தேகக்காரர் என்று நாம் பெயரிட்டோம். ஆண்டவரோ அவருடைய கேள்வியை ஏற்று, கையையும் விலாவையும் காட்டினார் (யோவா 20:27). உயிர்த்த உடலிலும் ஆணியின் தழும்புகள் அழியவில்லை. பாஸ்கா மகிழ்ச்சியிலும் கல்வாரி மறக்கப்படவில்லை, இறந்தவர்களின் வலியும் அங்கே மறக்கப்படாது என்று இதை நாம் புரிந்துகொள்கிறோம்.

அப்படியானால் கம்பத்தைப் பற்றி என்ன சொல்வது என்று கேட்பீர்கள். பிழைத்தவர் நன்றி சொல்லட்டும், நன்றி சொல்லாமல் இருப்பதுதான் தவறு. ஆனால் 'கடவுள் எங்களைத் தேர்ந்து காப்பாற்றினார்' என்று சொல்வதற்கும், 'பிழைத்திருக்கிறேன், இனி என்ன செய்யவேண்டும்' என்று கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. கம்பத்தருகே போகிறவர்கள் இன்னும் சற்றுத் தெற்கே நடந்து அந்த மீனவர் குடியிருப்பையும் பார்த்து வரலாம். இறந்தவர்களுக்காக அங்கே ஒரு செபம் சொல்லலாம். டிசம்பர் 26 அன்று நம் ஆலயங்களில் அவர்களை நினைப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது என்பது நமது வருத்தம்.

2015 வெள்ளத்தின்போது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தெருக்களில் நீர் ஏறி, மாடிகளில் மக்கள் சிக்கிக்கொண்டார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. அப்போது கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அலையில் உறவுகளை இழந்த கரைகள் அவை. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டிலேயே இருந்திருக்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. எந்தச் சாதி, எந்த மதம் என்று கேளாமல் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் மாடியிலிருந்து இறக்கிப் படகில் ஏற்றினார்கள். கடவுள் அன்று எங்கே இருந்தார் என்று கேட்டவர்களில் சிலர், அந்தப் படகுகளில் ஏறித்தான் கரை சேர்ந்தார்கள்.